ஓக்மான்ட்: நட்ட மரங்களை வெட்டித் தீர்த்த கோல்ஃப் கிளப்

அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டி வேறெங்கும்விட அதிக முறை நடந்த இடம் ஓக்மான்ட். பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரத்தை அடுத்து, அலெகெனி ஆற்றுக்கு மேலே உள்ள மேட்டு நிலம். 1927 தொடங்கி 2025 வரை 10 முறை அந்தப் போட்டி இங்கே நடந்திருக்கிறது. இது தனியார் கிளப். உறுப்பினரோ அவர் அழைத்து வந்த விருந்தாளியோதான் இங்கே ஆட முடியும். மற்றவர்கள் பெரிய போட்டி நடக்கும் வாரத்தில் சீட்டு வாங்கி வேடிக்கை பார்க்கலாம்.

இந்தக் கிளப் 1960களில் ஆயிரக்கணக்கான மரங்களை நட்டது. 1990களில் அதே மரங்களை வெட்டத் தொடங்கியது. முதல் சில ஆண்டுகள் தன் உறுப்பினர்களுக்கே தெரியாமல் வெட்டியது. மரம் வெட்டுவதை எங்கேயும் யாரும் சுலபமாக ஆதரிப்பதில்லை. இங்கே அது ஏன் தேவைப்பட்டது என்பதற்குப் பதில் அந்த மண்ணிலும் புல்லிலும் இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

களிமண், கால்வாய், உழவுச்சால்

கிளப்பை நிறுவியவர் ஹென்றி ஃபோன்ஸ். இரும்பு உலை நடத்திப் பணம் சேர்த்தவர். தன் கேரி உலையை ஆன்ட்ரூ கார்னகியின் நிறுவனத்துக்கு விற்ற பிறகு கோல்ஃபில் இறங்கினார். மைதான வடிவமைப்பு அவருடைய தொழில் அல்ல. வாழ்நாளில் அவர் அமைத்தது இந்த ஒன்றைத்தான். 1903 செப்டம்பரில் சுமார் 150 ஆட்களும் இழுவை விலங்குகளும் வேலையைத் தொடங்க, 1904 இலையுதிர் காலத்தில் மைதானம் திறக்கப்பட்டது. அப்போது நீளம் 6,406 கெஜம். ஒரு நல்ல ஆட்டக்காரர் ஒரு சுற்றை 80 அடிகளில், அதாவது பந்தை 80 தடவை அடித்து, முடிக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். ரப்பர் நூல் சுற்றிய புதுவகைப் பந்து அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. அது பழைய பந்தைவிட வெகு தூரம் போகும் என்பதை ஃபோன்ஸ் முன்கூட்டியே கணக்கில் எடுத்ததால்தான் அந்தக் காலத்துக்கு அவ்வளவு நீளம்.

நிலம் பழைய மேய்ச்சல் வெளி. மரம் மிகக் குறைவு. அடிமண் கனத்த களி. மழை பெய்தால் தண்ணீர் கீழே இறங்காது. அதனால் ஓரங்களில் கால்வாய் வெட்டி வடித்தார்கள். அந்தக் கால்வாய்கள் இன்றும் ஆட்டத்தின் பகுதி; பந்து அதில் விழுந்து, வெளியே எடுத்து வைத்தால் தண்டம்தான்.

களிமண் இன்னொன்றையும் தீர்மானித்தது. மணற்குழிகளை, அதாவது பங்கர்களை, ஸ்காட்லாந்துக் கடலோர மைதானங்களைப் போல ஆழமாகத் தோண்ட முடியவில்லை, தோண்டினால் குட்டையாகிவிடும். ஆழமில்லாத பங்கரிலிருந்து பந்தை எடுப்பது எளிது. நிறுவனரின் மகன் வில்லியம் ஃபோன்ஸ் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 1910இல் அமெரிக்க அமெச்சூர் பட்டம் வென்றவர், பின்னாளில் அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் தலைவர். தவறாக அடித்த அடிக்குத் தப்பிக்க வழியே இருக்கக் கூடாது என்ற கொள்கைக்காரர். அவரும் மைதானக் காப்பாளர் எமில் லோஃப்லரும் கண்ட வழி, பற்கள் நீண்ட கனமான ஒரு வாருகோல். அதை இழுத்தால் ஆற்று மணலில் சுமார் 2 அங்குல ஆழத்துக்கு உழவுச்சால் விழும். பந்து சாலுக்குள் அமர்ந்துவிட்டால் குழி இருக்கும் பச்சைப் பரப்பை நோக்கி அடிப்பது கனவு. பக்கவாட்டில் வெளியே தள்ளினாலே போதும் என்றாகிவிடும். 1960களின் தொடக்கம் வரை இந்தச் சால்கள் இருந்தன.

பங்கர்களின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் சுமார் 350 வரை போனது. உறுப்பினர் ஒருவர் தவறான திசையில் அடித்தும் தப்பித்துவிட்டால், மறுநாள் காலை அந்த இடத்தில் ஒரு புதுப் பங்கர் இருக்கும் என்று சொல்வார்கள். இன்று ஏறக்குறைய பாதிதான் மிச்சம். மூன்றாம், நான்காம் குழிகளுக்கு, அதாவது அந்தக் குழிகளை நோக்கி ஆடும் பாதைகளுக்கு, நடுவே தனித்தனியாக இருந்த பங்கர்களை ஒன்றாக இணைத்து, இடையிடையே புல்வரப்பு விட்டு அமைத்ததுதான் புகழ்பெற்ற 'சர்ச் பெஞ்சு'. மேலிருந்து பார்த்தால் தேவாலயத்தில் வரிசையாகப் போட்ட மர இருக்கைகள் மாதிரியே இருக்கும். வரப்பை ஒட்டிப் பந்து நின்றால் தடியைப் பின்னால் ஓங்கவே இடமிருக்காது.

பச்சைப் பரப்பும் வேகமும்

ஓக்மான்ட்டின் உயிர் அதன் க்ரீன்களில், அதாவது குழி இருக்கும் பச்சைப் பரப்புகளில் இருக்கிறது. இப்போது புதிதாகக் கட்டும் க்ரீனுக்கு அடியில் சரளையும் அதன்மேல் ஓரடி உயரத்துக்கு மணல் கலவையும் போடுவார்கள். தண்ணீர் சல்லடையில் விட்டதுபோல இறங்கிவிடும். ஓக்மான்ட்டில் அந்த வசதி கிடையாது. இருந்த மண்ணையே மேடாகத் தள்ளிச் சமன் செய்த பழைய பாணி. நிலத்தின் இயற்கைச் சரிவு அப்படியே க்ரீனிலும் தொடரும். முதல் குழியிலும் பத்தாம் குழியிலும் க்ரீன் முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்து, ஆட்டக்காரரை விட்டு விலகிச் சரிகிறது. பந்தை நேராக க்ரீனில் இறக்கினால் பின்னால் ஓடிவிடும். முன்னாலேயே இறக்கி உருட்டிவிட வேண்டும்.

புல்லின் பெயர் போவா அன்னுவா. மற்ற இடங்களில் இதைக் களை என்று மருந்தடித்து ஒழிப்பார்கள். வேர் ஆழம் போகாது, வெயில் அதிகமானால் வாடும், வசந்த காலத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப் பரப்பை மேடுபள்ளமாக்கும். ஓக்மான்ட்டில் பல பத்தாண்டுகளாக ஒட்ட வெட்டி வெட்டியே, குட்டையாக அடர்ந்து பல்லாண்டு வாழும் ஒரு வகை தானாகத் தேர்ந்து நின்றுவிட்டது. போட்டி வாரத்தில் இதை ஏறத்தாழ 3/32 அங்குல உயரத்துக்கு, அதாவது இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவாக வெட்டி, மேலே உருளையும் ஓட்டுவார்கள்.

க்ரீனின் வேகத்தை அளக்கும் கருவி பிறந்ததற்கும் இந்த மைதானமே காரணம். 1935 அமெரிக்க ஓப்பன் இங்கே நடந்தபோது, 300 தடவைக்கும் குறைவாக அடித்து முடித்தவர் சாம் பார்க்ஸ் ஒருவர்தான். நான்கு சுற்றுகளுக்கு 299. மெதுவாகத் தட்டிய பந்து க்ரீனைத் தாண்டி உருண்டு பங்கருக்குள் விழுவதை, பார்வையாளராக வந்திருந்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன் பார்த்தார். வேகம் நியாயமானதா, வரம்பு மீறியதா என்பதை எண்ணில் சொல்ல வேண்டும் என்று மரத்தில் ஒரு கருவி செய்தார். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1970களில் அதைத் திருத்தி அலுமினியத்தில் வெளியிட்டது. அதுதான் ஸ்டிம்ப்மீட்டர்.

கருவி எளியது. 36 அங்குல நீளச் சட்டம், நடுவில் V வடிவப் பள்ளம், தரையைத் தொடும் முனையிலிருந்து 30 அங்குலத்தில் ஒரு வெட்டு. வெட்டில் பந்தை வைத்து, மறு முனையை மெல்லத் தூக்க வேண்டும். சட்டம் சுமார் 20 டிகிரி சாய்ந்ததும் பந்து தானே நழுவி உருளும். க்ரீனில் சமமான இடமாகப் பார்த்து மூன்று பந்துகளை ஒரு திசையில் உருட்டி, மூன்றும் ஒன்றுக்கொன்று 8 அங்குலத்துக்குள் நின்றால், உருண்ட தூரத்தின் சராசரி எடுக்க வேண்டும். பிறகு அதே தடத்தில் எதிர்த்திசையில் மூன்று. இரண்டு சராசரிகளின் நடுவெண்தான் வேகம், அடிக்கணக்கில். பலர் செய்யும் தவறு, சரிவில் வைத்து அளப்பது. இரு திசை அளவுகளும் ஒன்றரை அடிக்கு மேல் வேறுபட்டால் அந்த இடம் அளக்க லாயக்கில்லை.

சாதாரண மைதானத்தில் இந்த எண் 8 முதல் 10 வரை இருக்கும். ஓக்மான்ட்டில் போட்டி நாளில் 14 அடி, சில நேரம் அதற்கும் மேல். இதன் பொருளைக் கணக்குப் போட்டால் விளங்கும். வேகம் 8 அடியாக இருந்தால், இறக்கத்தில் உருளும் பந்து நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க நூறு அடிக்குப் பத்தடிச் சரிவு வேண்டும். வேகம் 14 ஆனால் ஐந்தரை அடிச் சரிவே போதும். ஓக்மான்ட் க்ரீன்களின் வேகத்தையும் சரிவையும் சேர்த்துப் பார்த்தால்தான் பயம் புரியும்.

சுருக்கமாகச் சொன்னால், அடியில் தண்ணீர் வடியாத மண், மேலே வேர் ஆழமில்லாத புல், அதை இரண்டரை மில்லிமீட்டருக்கு வெட்டுகிற பிடிவாதம். இந்த மூன்றும் சேர்ந்த பரப்பை உலர வைக்க வெயிலும் காற்றும்தான் துணை.

மரம் நட்ட காலம்

1960களில் அமெரிக்காவெங்கும் கோல்ஃப் மைதானம் என்றால் பூங்கா மாதிரி இருக்க வேண்டும் என்ற ரசனை ஓங்கியது. தொலைக்காட்சி வண்ணத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. ஓக்மான்ட்டோ மொட்டை மேடு. அழகில்லை என்ற பேச்சு உறுப்பினர்களுக்கே உறுத்தியது. மைதானத்தை ஊடறுத்து ஓடும் பென்சில்வேனியா டர்ன்பைக் நெடுஞ்சாலை வேறு. இரண்டாம் குழி முதல் எட்டாம் குழி வரை சாலைக்கு அந்தப் பக்கம். பாலத்தில் நடந்துதான் போக வேண்டும். லாரிச் சத்தத்தை மறைக்கவும் மரம் உதவும் என்று தோன்றியிருந்தால் வியப்பில்லை.

பின் ஓக், காட்டு ஆப்பிள், பூக்கும் செர்ரி, நீல ஸ்ப்ரூஸ் என்று ஆயிரக்கணக்கில் நட்டார்கள். நட்டபோது இடுப்புயரக் கன்றுகள்; யாருக்கும் இடைஞ்சல் இல்லை. விளைவு தெரிய இருபது, முப்பது ஆண்டுகள் ஆயின என்பதுதான் இந்தக் கதையின் முக்கியச் சிக்கல். எந்த ஒரு நிர்வாகக் குழுவும் தான் செய்ததன் பலனைத் தன் பதவிக்காலத்தில் பார்க்கவில்லை.

மரம் க்ரீனுக்குச் செய்யும் கெடுதல் மூன்று வகை. முதலாவது நிழல். காலை வெயில்தான் பனி ஈரத்தை உலர்த்துகிறது. கிழக்கே ஒரு மரவரிசை நின்றால் க்ரீன் பத்து, பதினோரு மணி வரை நனைந்தே கிடக்கும். இலை நனைந்திருக்கும் நேரம் கூடக் கூடப் பூஞ்சை நோய் கூடும். இரண்டாவது காற்றுத் தடை. மூன்று பக்கமும் மரம் சூழ்ந்த க்ரீனில் கோடையின் புழுக்கம் தங்கிவிடும். போவா அன்னுவா தாங்காதது இதைத்தான். மூன்றாவது வேர். மரத்தின் வேர் கிளை பரப்புக்கு வெளியேயும் வெகுதூரம் போய், புல்லுக்கு ஊற்றிய தண்ணீரையும் உரத்தையும் குடித்துவிடும். ஒரே க்ரீனில் பாதி சதசதவென்றும் பாதி காய்ந்தும் இருந்தால் வேகத்தைச் சீராக வைக்கவே முடியாது. 14 அடி வேகத்தில் அந்தச் சீரின்மை ஆட்டத்தையே கெடுத்துவிடும்.

ஆட்ட முறையும் மாறிப்போனது. ஃபோன்ஸ் வைத்த பங்கர்களுக்கு மேலேயே கிளைகள் தொங்கின. பங்கரிலிருந்து துணிந்து அடிப்பதா, ஒதுங்குவதா என்று யோசிக்க வேண்டிய இடத்தில், மரம் குறுக்கே நின்று ஒதுங்கு என்று ஒரே பதிலைத் தந்தது.

இருட்டில் வெட்டியது

1990களின் தொடக்கத்தில் மைதானக் குழுவின் தலைவர் பேங்க்ஸ் ஸ்மித்தும் பராமரிப்புத் தலைவர் மார்க் கூன்ஸும் வெட்டும் பணியைத் தொடங்கினார்கள். உறுப்பினர் கூட்டத்தில் வைத்தால் தோற்கும் என்று தெரிந்ததால் கூட்டத்துக்கே கொண்டுபோகவில்லை. விடியலுக்கு முன், விளக்கு வெளிச்சத்தில் வேலை. மரத்தைச் சாய்த்து, துண்டு போட்டு, வண்டியில் ஏற்றி, அடிக்கட்டையை இயந்திரத்தால் அரைத்து, குழியில் மண் நிரப்பி, மேலே புல்தகடு பதித்து, மரத்தூளைக் கடைசித் துகள் வரை வாரிவிட வேண்டும். முதல் ஆட்டக்காரர் வருவதற்குள் அங்கே மரம் நின்ற சுவடே தெரியக் கூடாது.

இதில் தொழில்நுட்பமாகக் கவனிக்க வேண்டியது அடிக்கட்டை. தரைமட்டத்துக்கு மட்டும் அரைத்துவிட்டு மூடினால், உள்ளே இருக்கும் கட்டையும் பக்கவேரும் சில ஆண்டுகளில் மக்கி, மேலே பள்ளம் விழும். மக்கும் மரத்தைத் தின்னும் பூஞ்சை புல்லில் வட்ட வட்டமாகக் கரும்பச்சைத் தழும்பு போடும். அரைத்த மரத்தூளையே குழியில் நிரப்பினால் அது மக்கும்போது மண்ணிலுள்ள நைட்ரஜனை இழுத்துக்கொண்டு, பதித்த புல் மஞ்சளாகும். எனவே ஆழமாக அரைத்து, தூளை முழுக்க எடுத்துவிட்டு, நல்ல மண் போட்டு இறுக்கிய பிறகே புல்தகடு. காலை இருட்டில் இத்தனையும் செய்ய வேண்டுமென்றால் ஒரு நாளைக்குச் சில மரங்கள்தான் முடியும்.

நூற்றுக்கணக்கில் போன பிறகே விஷயம் வெளிப்பட்டது. உறுப்பினர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். வழக்குப் போடுவோம் என்ற மிரட்டல் வரை போனது. ஆனாலும் வெட்டு நிற்கவில்லை. பழைய புகைப்படங்களை எடுத்துக் காட்டியதும், வெட்டிய பக்கத்து க்ரீன்கள் தேறியதைக் கண்ணால் பார்த்ததும் சிலர் மனத்தை மாற்றின. 2007 ஓப்பனுக்குள் சுமார் 5,000 மரங்கள் போயிருந்தன. அதன் பிறகும் தொடர்ந்து, மொத்தக் கணக்கு பத்தாயிரத்தைத் தாண்டியது. மைதானத்தின் உட்பகுதியில், மூன்றாம் குழியின் தொடக்கத் திட்டருகே ஒரே ஒரு எல்ம் மரம் மட்டும் சில காலம் நின்றது. கிளப்ஹவுஸ் திண்ணையில் நின்றால் பெரும்பாலான குழிகளின் கொடிகள் இப்போது ஒரே பார்வையில் தெரிகின்றன.

ரகசியமாகச் செய்தது சரியா? மைதானத்தைப் பொறுத்தவரை பலித்தது. கிளப் நிர்வாகத்துக்கு அது நல்ல முன்மாதிரி அல்ல. சொந்தப் பணம் போடும் உறுப்பினரிடம் மறைத்த காரியம் பலிக்காமல் போயிருந்தால், அடுத்த முப்பது ஆண்டுக்கு ஒரு கிளையை வெட்டக்கூட எந்தக் குழுவுக்கும் அனுமதி கிடைத்திருக்காது. பின்னாளில் இதே பாதையில் போன பல கிளப்புகள் முதலில் நிழல் ஆய்வு செய்து, எந்த மரம் எந்த மணிக்கு எந்த க்ரீனை மறைக்கிறது என்று உறுப்பினர்களுக்கு வரைபடம் காட்டிவிட்டே வெட்டின. அதுதான் நேர்வழி.

எளிதாகிவிட்டதா?

மரம் போனால் மைதானம் சுலபமாகிவிடும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். மரங்கள் பெரும்பாலும் நின்ற 1994இல் எர்னி எல்ஸ் 279 அடிகளில் வென்றார். வெட்டிய பின் 2007இல் ஆங்கெல் கப்ரேரா 285. பார்த்தீர்களா, கடினமாகத்தான் ஆனது என்று இதை வைத்துக் கொண்டாடியவர்கள் உண்டு. அந்த ஒப்பீடு சரியல்ல. இடையில் நீளம் 6,946 கெஜத்திலிருந்து 7,230 ஆக ஏறியது. எட்டாம் குழி, ஒரே அடியில் க்ரீனைப் பிடிக்க வேண்டிய குழி, இறுதி நாளில் 300 கெஜத்துக்கு வைக்கப்பட்டது. கிரிக்கெட் ஆடுகளத்தை வரிசையாகப் பதின்மூன்று தடவை போட்டாலும் எட்டாத தூரம். பார் கணக்கும், அதாவது நல்ல ஆட்டக்காரர் ஒரு சுற்றை முடிக்க வேண்டிய அடிகளின் எண்ணிக்கையும், 71இலிருந்து 70 ஆக மாறியதால், பாருக்கு மேல், கீழ் என்று ஒப்பிடுவதும் ஏமாற்றும். 2016இல் டஸ்டின் ஜான்சன் 276, 2025இல் ஜே. ஜே. ஸ்பான் 279. ஆக, வெட்டுக்கு முன்னும் பின்னும் எண்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் சுற்றுகின்றன. வெற்றி எண்ணை மேலும் கீழும் தள்ளுவது பெரும்பாலும் மழைதான். 1973 இறுதிச் சுற்றில் ஜானி மில்லர் 63 அடித்துப் பட்டம் வென்றதும் மழையில் நனைந்து இளகிய க்ரீன்களில்தான்.

வேகத்தின் பக்கவிளைவு ஒன்று விதிப்புத்தகத்தையே மாற்றியது. 2016 இறுதிச் சுற்றில், ஐந்தாம் க்ரீனில் ஜான்சன் தட்டத் தயாரானபோது பந்து மெல்லிதாக அசைந்தது. உடன் இருந்த நடுவர் தண்டமில்லை என்றார். பன்னிரண்டாம் குழியின் தொடக்கத்தில், ஆட்டம் முடிந்த பிறகு தண்டம் வரலாம் என்று அதிகாரிகள் வந்து சொன்னார்கள். மீதி ஏழு குழிகளை அவரும் மற்றவர்களும் உண்மையான எண்ணிக்கை தெரியாமலே ஆடினார்கள். முடிவில் ஓரடித் தண்டம் விழுந்தும் மூன்று அடி வித்தியாசத்தில் வென்றார். க்ரீனில் பந்து தற்செயலாக அசைந்தால் தண்டமில்லை என்ற உள்ளூர் விதி 2017 ஜனவரி 1 முதல் வந்தது.

2023இல் மைதான வடிவமைப்பாளர் கில் ஹான்ஸ் பங்கர்களை மறுபடி கட்டி, பல ஆண்டு வெட்டில் ஓரம் சுருங்கிப்போயிருந்த க்ரீன்களைப் பழைய எல்லை வரை விரித்தார். க்ரீன் விரிந்தால் குழி வைக்க ஓரத்தில் புது இடங்கள் கிடைக்கும். பங்கரை ஒட்டி, சரிவை ஒட்டி.

அதன்பின் நடந்த 2025 ஓப்பனின் இறுதி நாளில் மழை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆட்டத்தை நிறுத்தியது. முன்னணியில் இருந்த சாம் பர்ன்ஸின் பந்து, பதினைந்தாம் குழியின் ஃபேர்வேயில், அதாவது புல்லை ஒட்ட வெட்டிய நடுப்பாதையில், ஈரம் தங்கிய இடத்தில் நின்றது. தேங்கிய நீருக்கு நிவாரணம் கேட்டார். விதிப்படி, நிற்கும் நிலையை எடுப்பதற்கு முன்போ எடுத்த பிறகோ தரைமேல் தண்ணீர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மண் சொதசொதவென்று இருந்தால் மட்டும் போதாது. இரண்டு அதிகாரிகள் பார்த்து மறுத்துவிட்டார்கள். அங்கிருந்தே அடித்துப் பந்தை இடப்பக்கம் இழுத்துவிட்ட பர்ன்ஸ், அந்தக் குழியில் இரண்டு அடிகளை இழந்து ஏழாம் இடத்துக்குச் சரிந்தார். முதல் ஒன்பது குழிகளில் 40 அடித்துத் தடுமாறியிருந்த ஸ்பான், கடைசி க்ரீனில் 64 அடி தூரத்துப் பந்தை உள்ளே தட்டி முடித்தார். பாருக்குக் கீழே முடித்தவர் அவர் ஒருவர்தான்.